வட்ஸ்அப் பழகுவோம்: வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மகன் அனுப்பிய போன் அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள், கலியாண அல்பத்துக்குப் பக்கத்தில், வந்த பெட்டியோடேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் சைக்கிளில் வந்து அதை எடுத்து, மாமாவுக்கு அழைப்பெடுத்துக் கொடுப்பான். கதைத்து முடிந்ததும் திரும்ப வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். ஒரு ஞாயிறு பேரனுக்குக் காய்ச்சல். போன் அலுமாரிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்த நாள் பெரியம்மா என்னிடம் வந்து, "தம்பி, இதை நானே எடுக்கிற மாதிரிப் பழக்கிவிடு" என்றார்.

மூன்று பின்னேரங்களில் பழகிவிட்டார். அந்த மூன்று பின்னேரத்தையும்தான் கீழே எழுதியிருக்கிறேன். பழக்கிக் கொடுக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கை போனில் படக்கூடாது. "இஞ்ச தாங்கோ அம்மம்மா" என்று பறித்து நீங்களே அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்த ஞாயிறும் நீங்கள்தான் வரவேண்டும்.

எங்கள் ஊரில் முன்பு வைபரும் ஐஎம்ஓவும் ஓடின. இப்போது பெரும்பாலான வீடுகளில் வட்ஸ்அப்தான். 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய செயலி. 2014இல் பேஸ்புக் நிறுவனம் வாங்கியது. பாவிக்கக் காசில்லை, டேட்டாவுக்கு மட்டும்தான் செலவு. கொமினிகேசன் கடையில் வரிசையில் நின்று, நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் சிம்மைப் பாருங்கள்

போனை விடச் சிம்தான் முக்கியம். வட்ஸ்அப்பில் உங்கள் பெயரோ படமோ அடையாளம் இல்லை, போன் நம்பர்தான் அடையாளம். ஆகவே அந்தச் சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுத்தது என்று முதலில் கேட்டறியுங்கள். கொழும்புக்குப் போய்விட்ட மருமகன் பெயரில் இருந்தால், போன் தொலையும் நாளில் அதே நம்பரில் புதுச் சிம் எடுக்க அவரைத்தான் தேட வேண்டிவரும். முடிந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீட்டில் வைபை இருக்கிறதே என்று சிம்முக்கு மாதக்கணக்கில் ரீலோட் போடாமல் விடுபவர்கள் உண்டு. நீண்ட நாள் பாவிக்காத நம்பரை நிறுவனம் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படிப் போனால் உங்கள் வட்ஸ்அப்பும் சிக்கலில் விழும். இடைக்கிடை சின்னதாக ஒரு ரீலோட் போட்டு நம்பரை உயிரோடு வைத்திருங்கள்.

பொத்தான் போனில் இதெல்லாம் சரிவராது, தொடுதிரைப் போன் வேண்டும். மிகப் பழைய போன்களிலும் வேலை செய்யாது.

செயலியை இறக்குதல்

ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே தேடும் இடத்தில் வட்ஸ்அப் என்று தேடுங்கள். பச்சை நிறத்தில், பேச்சுக் குமிழுக்குள் போன் ரிசீவர் இருக்கும் படம் வரும். அதைத்தான் இறக்க வேண்டும். அதே பச்சையில் நடுவில் ஆங்கில 'பி' எழுத்தோடு இன்னொன்றும் வரும். அது கடைக்காரருக்கானது, விட்டுவிடுங்கள்.

தெரிந்த பொடியன் யாராவது "ஜிபி வட்ஸ்அப் போட்டுத் தாறன், அதில கூட வசதி" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வட்ஸ்அப் நிறுவனம் செய்தது அல்ல. அதைப் பாவிப்பவர்களின் கணக்கை நிறுவனமே முடக்குவதும் உண்டு.

இறங்கியதும் திறந்தால் முதலில் மொழி கேட்கும். தமிழ் இருக்கிறது. ஆனாலும் நான் பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில்தான் விட்டேன். பேரனும் மகனும் போனில் வழிசொல்லும்போது "செட்டிங்ஸுக்குப் போங்கோ" என்றுதான் சொல்லப்போகிறார்கள், "அமைப்புகள்" என்று அல்ல. உங்கள் வீட்டில் எது வசதியோ அப்படிச் செய்யுங்கள்.

அடுத்து நம்பர் கேட்கும். நாடு ஸ்ரீலங்கா என்றும் பக்கத்தில் +94 என்றும் இருக்க வேண்டும். உங்கள் நம்பரை முன்னால் உள்ள சைபர் இல்லாமல் அடியுங்கள். 077 என்று தொடங்கினால் 77 இலிருந்து, 071 என்றால் 71 இலிருந்து. கொஞ்ச நேரத்தில் ஆறு இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். பல போன்களில் அது தானாகவே நிரம்பிவிடும், இல்லையென்றால் பார்த்து அடியுங்கள்.

அந்த ஆறு இலக்கம்தான் வீட்டுத் திறப்பு. யாருக்கும் கொடுக்கக்கூடாது. இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல இருக்கிறது.

முன்பே வட்ஸ்அப் பாவித்தவர் என்றால், பழைய செய்திகளை மீட்கவா என்று இந்த இடத்தில் கேட்கும். அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள், பேரப்பிள்ளையின் முதல் மழலைக் குரல் அதற்குள் இருக்கலாம். கடைசியில் பெயரும் படமும் கேட்கும். பெயரைப் போடுங்கள். படம் கட்டாயமில்லை, பெரியம்மா நல்லூர்க் கோபுரத்தைப் போட்டிருக்கிறார்.

உடனே இரண்டாவது பூட்டு

வேறு எதையும் பழகுமுன் இதைச் செய்துவிடுங்கள். மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி, அதற்குள் செட்டிங்ஸ், அதற்குள் அக்கவுண்ட், அங்கே டூ ஸ்டெப் வெரிபிகேசன். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஆறு இலக்கம் ஒன்றை அதில் போடுங்கள். பிறந்த திகதி வேண்டாம். குறுஞ்செய்தி எண் தவறிப் போய் இன்னொருவர் கையில் சிக்கினாலும், இந்த இரண்டாவது எண் இல்லாமல் அவரால் உள்ளே வர முடியாது. மறந்தால் மீட்க மின்னஞ்சல் கேட்கும். நம்பிக்கையான பிள்ளையுடையதைக் கொடுக்கலாம்.

இதைப் போட்ட பிறகு இடைக்கிடை வட்ஸ்அப் தானாகவே அந்த எண்ணைக் கேட்கும். நீங்கள் மறக்காமல் இருக்கத்தான். செயலியைத் திறக்கும்போது அது கேட்டால் அடியுங்கள். செய்தியாக எழுதி ஒருவர் கேட்டால், அவர் யாராக இருந்தாலும் அடிக்காதீர்கள்.

வெளிநாட்டு நம்பரைப் பதிதல்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "மகனின் நம்பரைப் போனில் போட்டுவிட்டேன், வட்ஸ்அப்பில் காட்டுதில்லை" என்று வருபவரின் போனைப் பார்த்தால், மகன் தன் ஊரில் சொல்வது மாதிரியே நம்பர் பதிந்திருக்கும். நாட்டுக் குறியீடு இராது.

வழி இதுதான். முதலில் கூட்டல் குறி. அதை எடுக்க எண்பலகையில் சைபரைக் கொஞ்சநேரம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு நாட்டுக் குறியீடு: கனடா 1, லண்டன் உட்பட முழு இங்கிலாந்துக்கும் 44, பிரான்ஸ் 33, சுவிஸ் 41, ஜேர்மனி 49, நோர்வே 47, அவுஸ்திரேலியா 61. அதன்பிறகு நம்பரின் முன்னால் உள்ள சைபரை விட்டுவிட்டு மிச்சம். லண்டன் கைபேசி நம்பர் 07 என்று தொடங்கும், அது +447 ஆகும். பாரிஸில் 06 என்றால் +336. சூரிச்சில் 079 என்றால் +4179. கனடா நம்பரில் முன்னால் சைபரே கிடையாது. +1 போட்டுப் பத்து இலக்கத்தையும் அப்படியே அடியுங்கள்.

உள்ளூர் நம்பர்களையும் இனி +94 போட்டே பதியுங்கள். உங்களைப் பார்க்க வரும் பிள்ளை உங்கள் போனைத் தன் நாட்டுக்கு எடுத்துப்போக நேர்ந்தால்கூட எல்லா நம்பரும் வேலை செய்யும்.

நம்பர்களைக் கொப்பியில் பேனையால் எழுதியும் வையுங்கள். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் நாட்டில் சமூக ஊடகங்களைத் தடுத்தபோது வட்ஸ்அப்பும் சேர்ந்தே நின்றது. சாதாரண அழைப்பு அப்போதும் போனது. நம்பர் கையில் இருந்தவர்கள் கதைத்தார்கள்.

முதல் செய்தி குரலாகவே இருக்கட்டும்

எல்லோரும் எழுதப் பழக்குவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் அது பிழை. சின்ன எழுத்துகளைத் தேடித் தேடி அடிப்பதற்குள் அலுத்துப்போய்ப் போன் மறுபடி அலுமாரிக்குள் போய்விடும். குரலில் தொடங்குங்கள்.

மகனின் பெயரைத் தொட்டுத் திறந்தால் கீழே வலப்பக்க மூலையில் மைக் படம் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடி கதையுங்கள், விரலை எடுத்தவுடன் போய்விடும். பிழையாகச் சொல்லிவிட்டால், விரலை எடுக்காமல் இடப்பக்கம் இழுத்தால் அழிந்துவிடும். நீளமாகக் கதைக்க வேண்டுமென்றால் மைக்கை மேலே தள்ளுங்கள், பூட்டுப் போல ஒன்று விழும். பிறகு கையை எடுத்துவிட்டு ஆறுதலாகக் கதைக்கலாம். பெரியம்மாவின் முதல் குரல் செய்தி இவ்வளவுதான்: "தம்பி, நான்தான். பேரன் இல்லை. நானே அனுப்புறன்."

வந்த குரலைக் கேட்க முக்கோணத்தைத் தொடுங்கள். போனைக் காதில் வைத்தால் மெல்லக் கேட்கும், எடுத்துவிட்டால் சத்தமாகக் கேட்கும். மகன் மெசின் மாதிரிப் படபடவென்று கதைப்பதாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். பக்கத்தில் உள்ள 1.5 அல்லது 2 என்ற எண்ணில் விரல் பட்டிருக்கும். திரும்பத் தொட்டு 1 ஆக்குங்கள்.

அனுப்பியதன் கீழே ஒரு சாம்பல் 'சரி' விழுந்தால் உங்களிடமிருந்து போய்விட்டது. இரண்டு விழுந்தால் அவர் போனுக்குச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் அவர் பார்த்துவிட்டார். நீலம் விழுந்தும் பதில் வரவில்லையே என்று மனம் நோகும் பெற்றோர் நிறையப் பேர். வேலைத்தலத்தில் எட்டிப் பார்த்திருப்பார்கள், பஸ்ஸில் நின்றிருப்பார்கள். நீலக் கோட்டுக்குப் பாசத்தை அளக்கத் தெரியாது.

எழுத விரும்புபவர்களுக்கு: கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாறும் முறையும் உண்டு, நேரே தமிழ் எழுத்தும் உண்டு. விசைப்பலகையிலேயே உள்ள மைக்கை அழுத்திச் சொன்னால் அதுவே எழுதும். மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழ் தனியாக இருக்கிறது, அதைத் தெரிவு செய்யுங்கள். நாங்கள் வீட்டில் கதைப்பதையெல்லாம் அது அப்படியே பிடிக்காது. கொஞ்சம் செய்தி வாசிப்பதைப் போலச் சொன்னால் நல்லாய் எழுதும்.

பிழையாக அனுப்பியதை அழுத்திப் பிடித்தால் அழிக்கும் வழி வரும். இரண்டு நாளுக்குள் என்றால் அவர் போனிலிருந்தும் அழிக்கலாம். எழுத்துப் பிழையைத் திருத்த 15 நிமிடம் தருகிறது.

அழைப்பும் நேரமும்

பெயரைத் திறந்தால் மேலே போன் படமும் கமரா படமும் இருக்கும். போன் என்றால் குரல் மட்டும், கமரா என்றால் முகம். முகம் பார்க்கும்போது வெளிச்சம் உங்கள் முன்னால் இருக்க வேண்டும். யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தால் மகனுக்கு நீங்கள் கறுத்த நிழல்தான். போனைச் செம்பிலோ சாமிப்படத்திலோ சாய்த்து வைத்துவிட்டுக் கதையுங்கள், கை நோகாது.

நேரக் கணக்கு ஒன்று பாடமாக்குங்கள். இங்கே இரவு ஏழரை மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை பத்து, குளிரில் ஒன்பது. லண்டனில் கோடையில் பிற்பகல் மூன்று, குளிரில் இரண்டு. பாரிஸிலும் சூரிச்சிலும் அதற்கு ஒரு மணி கூட. விடிய ஆறு மணித் தேத்தண்ணியோடு லண்டன் மகளுக்கு எடுத்தால் அவளுக்கு நடுச்சாமம் தாண்டியிருக்கும். கனடா மகனுக்கு எடுக்கலாம், அவருக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரம்.

டேட்டா கெதியாக முடிகிறது என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்துக்குப் போய், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்பதைப் போடுங்கள். அங்கேயே படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். காலைவணக்கப் படங்கள்தான் பாதி டேட்டாவையும் முழு இடத்தையும் தின்கின்றன.

ஒன்று மறக்கக்கூடாது. அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119 என்பவற்றை வட்ஸ்அப்பில் எடுக்க முடியாது. அவற்றுக்குப் போனின் சாதாரண அழைப்புத்தான். பெரியம்மாவின் போனில் 1990ஐ முதல் திரையிலேயே வைத்துக் கொடுத்தேன்.

குழுக்கள்

சேர்ந்த ஒரு மாதத்துக்குள் குடும்பக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு என்று யாராவது உங்களைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம், அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும். செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய், உங்கள் போனில் பதிந்தவர்கள் மட்டுமே உங்களைச் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள். சத்தம் தாங்கவில்லை என்றால் மியூட் போடுங்கள். வெளியேறினால் குழுவை நடத்துபவருக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும், ஆகவே கூச்சப்பட வேண்டாம்.

குழுவில் ஒருவரின் செய்திக்குப் பதில் சொல்வதானால் அந்தச் செய்தியை வலப்பக்கம் இழுத்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் யாரோ மரண அறிவித்தல் போட்டிருக்க, அதற்கு மேலிருந்த பிறந்தநாளுக்கு நீங்கள் சொன்ன வாழ்த்து அதன் கீழே போய் நிற்கும். நான் ஒருதரம் அப்படிச் செய்து முகம் கொடுக்க முடியாமல் திரிந்தேன்.

மரண அறிவித்தல் என்றதும் இன்னொன்று. செத்தவீட்டுச் செய்தியைக் குழுவில் போடுமுன், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு யாராவது அழைத்துச் சொல்லிவிட்டார்களா என்று கேளுங்கள். தகப்பன் போன செய்தியை வேலையில் நின்றபடி ஊர்க் குழுவில் படித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வந்த செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப வட்ஸ்அப் விடும். அந்த மருந்து, இந்தச் சூறாவளி, காசு தரும் இணைப்பு எல்லாம் பெரும்பாலும் இரட்டை அம்போடுதான் வருகின்றன. அனுப்பியவர் நல்லவராக இருக்கலாம், எழுதியவர் யாரென்று அவருக்கும் தெரியாது.

கள்ளர் வரும் வழி

2016 முதல் வட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை பூட்டியே போகின்றன. நடுவில் நிற்பவர் படிக்க முடியாது. கள்ளர் அதை உடைப்பதில்லை. உங்களையே கதவைத் திறக்கச் சொல்கிறார்கள்.

முதல் வகை, ஆறு இலக்கம். தெரிந்தவர் ஒருவரின் நம்பரிலிருந்து, "மாமி, தவறி என்ர கோட் உங்களுக்கு வந்திட்டுது, ஒருக்கா அனுப்பிவிடுங்கோ" என்று வரும். அவருடைய கணக்கு ஏற்கெனவே போய்விட்டது, இப்போது உங்களுடையது கேட்கிறார்கள். கொடுத்தால் அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர் எல்லோரிடமும் காசு கேட்பார்கள்.

இரண்டாவது, "அம்மா நான்தான், நம்பர் மாறிட்டுது, அவசரமா இந்தக் கணக்குக்குக் காசு போடுங்கோ." மூன்றாவது, பழக்கமில்லாத வெளிநாட்டு நண்பர் பரிசுப் பொதி அனுப்பினாராம், அது சுங்கத்தில் நிற்கிறதாம், வரி கட்டினால் விடுவார்களாம். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: கொப்பியில் உள்ள பழைய நம்பருக்குச் சாதாரண அழைப்பு எடுத்துக் குரலைக் கேளுங்கள். பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "எங்கட வீட்டு மாமரம் எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்கிறார்.

கணக்கு பறிபோனால் அழுதுகொண்டு இருக்க வேண்டாம். உங்கள் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து, அதே நம்பரை அடித்து, புதிதாக வரும் ஆறு இலக்கத்தைப் போடுங்கள். கள்ளர் வெளியே தள்ளப்படுவார். அவர் இரண்டாவது பூட்டைப் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அந்த ஏழு நாளும் அவராலும் அதைப் பாவிக்க முடியாது. இதற்கிடையில் எல்லோருக்கும் அழைத்து, "என் பேரில் காசு கேட்டால் கொடுக்காதேங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.

தெரியாத நம்பர் அழைப்புகள் தொல்லை தந்தால், பிரைவசிக்குள் கோல்ஸ் என்ற இடத்தில் அவற்றை மௌனமாக்கலாம்.

போன் மாறும்போது

மகன் அடுத்த முறை வரும்போது புதுப் போன் கொண்டுவருவார். பழையதை உடனே பேரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பழைய போனில் செட்டிங்ஸ், சட்ஸ், சட் பாக்கப் என்று போய், வைபை உள்ள இடத்தில் ஒருதரம் சேமியுங்கள். அது உங்கள் கூகுள் கணக்கில் போய் இருக்கும். அங்கே இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி; மின்னஞ்சலும் படங்களும் அதற்குள்தான், ஆகவே வேண்டாத வீடியோக்களை முன்கூட்டியே அழித்துவிடுங்கள். பிறகு சிம்மைப் புதிய போனில் போட்டு, அதே கூகுள் கணக்கைச் சேர்த்து, வட்ஸ்அப்பை இறக்கி, நம்பரை அடியுங்கள். மீட்கவா என்று கேட்கும்போது ஓம் என்று அழுத்துங்கள். பழைய குரல்கள் எல்லாம் வந்து சேர்ந்ததை ஒன்றிரண்டு திறந்து கேட்டுப் பார்த்த பிறகுதான் பழைய போனைத் துடைத்துப் பேரன் கையில் கொடுக்க வேண்டும்.